உப்பு நதிக்கரையில் பசி

வெர்ஜீனியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு பாடமாக உண்டு. அந்தப் புண்ணியத்தில் ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு ஜேம்ஸ்டவுன் போயிருந்தேன். கோட்டை இருந்த இடத்தில் நின்று ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்பா, இவ்ளோ தண்ணி இருக்கு. மீனும் இருக்கும்ல? அப்புறம் ஏன் பட்டினி கிடந்தாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று புரிந்தது.

1607 மே மாதம் மூன்று கப்பல்களில் வந்து இறங்கியவர்கள் 104 பேர். ஆண்களும் சிறுவர்களும் மட்டும். அனுப்பியது லண்டனில் இருந்த வெர்ஜீனியா கம்பெனி. ஸ்பானியக் கப்பல்கள் கண்ணில் படாதபடி ஆற்றுக்குள் தள்ளிப்போய் இடம் பிடியுங்கள் என்பது கம்பெனி உத்தரவு. கரையோரமே ஆழம் இருந்ததால் கப்பலை மரத்தில் கட்டிவிடலாம் என்று இந்தச் சதுப்பு நிலத்தைப் பிடித்தார்கள். அங்கே ஏன் உள்ளூர்க்காரர்கள் யாரும் ஊர் கட்டிக் குடியிருக்கவில்லை என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

கோடையில் ஜேம்ஸ் நதியின் நீரோட்டம் குறையும்போது கடல்நீர் உள்ளே ஏறும். உப்பும் மனிதக் கழிவும் வெளியேற வழியில்லாமல் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைத்தான் குடித்தார்கள். குடியேறியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பெர்ஸி, நீர் ஏறும்போது ஒரே உப்பு, வற்றும்போது ஒரே சேறு என்று எழுதிவைத்திருக்கிறார். ஆகஸ்டில் யார் எந்தத் தேதியில் செத்தார், ரத்தபேதியா காயமா என்று அவர் போட்ட பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கோட்டைக்குள் கிணறு வெட்டியது ஜான் ஸ்மித் தலைமைக்கு வந்த பிறகுதான். 1608 ஜனவரியில் அடுத்த கப்பல் வந்தபோது மிஞ்சியிருந்தவர்கள் 38 பேர்.

வானமும் கைவிட்டிருந்தது. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்தப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். 770 ஆண்டுகளில் மிக வறண்ட ஏழாண்டுக் காலம் 1606 முதல் 1612 வரை. சரியாக இவர்கள் வந்து இறங்கிய நேரம்! ஆனால் வறட்சி வெள்ளைக்காரனுக்கு மட்டும் வருமா? வாஹுன்செனகாவ் என்ற தலைவரின் கீழ் இருந்த சுமார் முப்பது பழங்குடிகளுக்கும் அதே வானம்தான். ஆங்கிலேயர்கள் அவரை பவ்ஹாட்டன் என்றார்கள். அவருடைய மக்களின் மக்காச்சோளத்தைத்தான் இவர்கள் முதலில் பண்டமாற்றாக வாங்கினார்கள், பிறகு துப்பாக்கியைக் காட்டிப் பறித்தார்கள்.

1609-இல் இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய கப்பல் கூட்டம் புயலில் சிக்கியது. தலைவர்கள் இருந்த கப்பல் பெர்முடாவில் கரைதட்டிவிட, மற்றவை நூற்றுக்கணக்கான வாய்களை மட்டும் கொண்டுவந்து இறக்கின. வெடிமருந்தில் காயம்பட்டு ஸ்மித்தும் ஊர் திரும்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் பவ்ஹாட்டன் ஆட்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். வெளியே கால் வைத்தவன் திரும்பி வரவில்லை. மகன் கேட்ட மீனுக்கான பதில் இதுதான். ஸ்டர்ஜன் மீன் ஏராளமாகக் கிடைப்பது வசந்தத்திலும் கோடையிலும். குளிர்காலத்தில் அது இல்லை. இருந்தாலும் பிடிக்கப் போக வழியில்லை.

குதிரையைத் தின்றார்கள். பிறகு நாய், பூனை, எலி, செருப்புத் தோல். பிறகு என்ன என்பதையும் பெர்ஸி எழுதினார், பலர் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கினார்கள். 2012-இல் ஒரு நிலவறையில், நாய், குதிரை எலும்புகளோடு பதினாலு வயதுப் பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. இறந்த பின் வெட்டிய தடங்கள். முதல் வெட்டுகள் தயங்கித் தயங்கி விழுந்திருக்கின்றன. அவள் பெயர் தெரியாததால் ஆய்வாளர்கள் ஜேன் என்று வைத்தார்கள். அந்தத் தயக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். சுமார் 300 பேரில் 1610 மே மாதம் உயிரோடு இருந்தவர்கள் 60 பேர்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் அவர்களுக்காக முழுசாக அழுதிருப்பேன். நிறுத்த முடியவில்லை.

ஜூனில் ஊரையே காலிசெய்து கப்பலேறியவர்களை, ஆற்றிலேயே எதிர்ப்பட்ட புது ஆளுநர் டி லா வார் திருப்பி அழைத்துவந்தார். ஆகஸ்டில் பெர்ஸி, சுமார் 70 பேரோடு பாஸ்பஹே என்ற பக்கத்து ஊர்மேல் ஏவப்பட்டார். வீடுகளை எரித்தார்கள். தலைவரின் மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்தார்கள். ஏன் உயிரோடு விட்டீர்கள் என்று வீரர்கள் முணுமுணுக்க, பிள்ளைகளை ஆற்றில் எறிந்து, நீரிலேயே தலையில் சுட்டார்கள். தாயைப் பிறகு கரையில் வாளால் முடித்தார்கள். இதையும் எழுதியிருப்பவர் அதே பெர்ஸி, எலி தின்றதை எழுதிய அதே கட்டுரையில்.

அதில் ஒரு சின்ன விவரத்தைத் தாண்டி என்னால் இன்னும் போக முடியவில்லை. ஊரைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்த சோளப் பயிரையும் வெட்டிச் சாய்த்தார்கள். மூன்று மாதம் முன்புவரை பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள்.

மகனிடம் மீன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "ஓ, அப்ப அது சீசன் இல்லையா" என்றான். சோளத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.