எடையும் சத்தும்: தர்ப்பூசணியில் இரகம், உரம், பருவம்

1. ஆய்வுப் பொருள்

திண்டிவனம், மரக்காணம், செய்யூர் வட்டாரங்களில் மார்கழி, தை மாதங்களில் ஊன்றும் தர்ப்பூசணி விதை பங்குனி, சித்திரையில் பழமாகி லாரி ஏறுகிறது. வியாபாரி வயலுக்கே வந்து டன் கணக்கில் விலை பேசுகிறார். இனிப்புக்கோ நிறத்துக்கோ தனி விலை கிடையாது. காய் சிறுத்திருந்தால் மட்டும் கழிவு உண்டு. உரப் பரிந்துரைகளையும் நாம் பெரும்பாலும் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்றே எடை போடுகிறோம்.

இந்தப் பழத்தில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். விளைச்சல் கூடும்போது கூடுவது சத்தா, நீரா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இரகம், உரம், பருவம் மூன்றும் இதற்குப் பொறுப்பு. ஆனால் மூன்றுக்கும் சம பங்கு இல்லை என்பது என் வாதம். நிறத்துக்கு உச்சவரம்பு வைப்பது இரகம். அந்த வரம்பை எட்டவிடுவதும் தடுப்பதும் பருவம். உரம் பெரும்பாலும் எடையில் வேலை செய்கிறது. அளவு மீறினால் இனிப்பைக் கெடுக்கிறது.

2. சத்து எனப்படுவது

100 கிராம் சதையில் சுமார் 6 கிராம் சர்க்கரை, 112 மில்லிகிராம் பொட்டாசியம், 8 மில்லிகிராம் வைட்டமின் சி, 4.5 மில்லிகிராம் லைக்கோபீன் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை சொல்கிறது. பச்சைத் தக்காளியில் அல்ல, பழுத்த தக்காளியில்கூட லைக்கோபீன் 2.6 மில்லிகிராம் அளவுதான். 2025 கோடையில் சாயம் ஏற்றிய பழம் என்று கிளம்பிய பேச்சு தமிழ்நாட்டு உழவர்களின் விலையைச் சாய்த்தது நினைவிருக்கலாம். சதையை இயல்பாகச் சிவக்க வைப்பது இந்த லைக்கோபீன்தான்.

இனிப்பைப் பிரிக்ஸ் அளவால் குறிக்கிறோம். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் 8 என்றால் நல்ல பழம், 10 என்றால் மிக நல்ல பழம். தர்ப்பூசணி மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் காய் அன்று. கொடியிலிருந்து அறுத்த பின் அதன் இனிப்பு ஏறாது. விலை இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்று ஒரு வாரம் முந்தி அறுத்தால், எந்த உரமும் அதை ஈடுசெய்யாது.

3. இரகம்

1950களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து வந்த சுகர் பேபி நெடுங்காலம் நம் வயல்களை ஆண்டது. உருண்டை வடிவம், கரும்பச்சைத் தோல், 3 முதல் 5 கிலோ எடை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா மாணிக், கிரிம்சன் ஸ்வீட் வழி வந்தது. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், ஆந்த்ராக்னோஸ் ஆகியவற்றைத் தாங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 இரகமும் உண்டு. இப்போது சந்தையை நிறைப்பவை தனியார் கலப்பினங்கள்.

லைக்கோபீன் அளவில் இரகத்துக்கு இரகம் இரண்டு, மூன்று மடங்கு வேறுபாடு உண்டு. மஞ்சள் சதை இரகங்களில் அது ஏறக்குறைய இல்லை. எந்த உரமும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. நோய் தாங்கும் திறனையும் சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். காய் முற்றும் கடைசி வாரங்களில் இலை கருகினால் சர்க்கரை எங்கிருந்து வரும்?

4. உரம்

4.1 தழைச்சத்து

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை ஹெக்டேருக்கு 20 டன் தொழு உரம். அடியுரமாக மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 55 கிலோ. விதைத்த 30ஆம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து 55 கிலோ. தழைச்சத்தைப் பிந்தி இடுவதில் பொருள் உண்டு. தொடக்கத்திலேயே யூரியாவைக் கொட்டினால் கொடி ஓடும், இலை அடரும், பெண் பூ தாமதமாகும். பிஞ்சு பிடித்த பின்னும் தொடர்ந்து கொட்டினால் காய் விரைந்து பருக்கும். சதை நெகிழ்ந்து நடுவே பிளவு விழும், பிரிக்ஸ் இறங்கும். தராசில் இந்த வயல் வெற்றிதான்.

ஆனாலும் தழைச்சத்து வில்லன் அன்று. 1914இல் ஜப்பானிய அறிஞர்கள் இப்பழத்தின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ருலின் என்னும் அமினோ அமிலத்துக்குத் தழைச்சத்தே மூலப்பொருள்.

4.2 சாம்பல்சத்து

இலையில் உண்டாகும் சர்க்கரையைக் காய்க்குக் கடத்துவதில் பொட்டாசியத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன 112 மில்லிகிராமை முழுப் பழத்துக்கும் பொருத்தினால், 30 டன் விளைச்சல் நிலத்திலிருந்து சுமார் 34 கிலோ பொட்டாசியத்தை எடுத்துப் போகிறது. உரக் கணக்கில் அது 40 கிலோ சாம்பல்சத்து. 55 கிலோ பரிந்துரை இதற்குப் போதும். கலப்பினத்தை நட்டு 60 டன் எதிர்பார்த்தால் தேவை 81 கிலோவாகிறது, அதுவும் கொடியின் பங்கைச் சேர்க்காமலே. பழைய இரகத்துக்கு வகுத்த உரத்தில் புது இரகத்தின் டன்னை எடுத்துவிட்டு, சப்பென்ற பழத்துக்கு விதைக் கம்பெனியைக் குறை சொல்வதில் பயனில்லை. கடலோர மணல் நிலத்தில் இட்டது கீழே கசிந்தும் போகும். அங்கே மொத்தமாக அடியுரமாக இடுவதைவிட, சொட்டு நீரில் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதே சரி.

சுண்ணாம்புச்சத்து குறைந்தால் காயின் நுனி அழுகும். போரான் குறைந்தால் வெடிக்கும்.

5. பருவம்

கொடிக்கு 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. பெண் பூ காலையில் மலர்ந்து அன்றோடு முடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்தாக வேண்டும். மகரந்தம் சூல்முடியின் மூன்று மடல்களிலும் படியாவிட்டால் காய் ஒருபக்கம் சூம்பும். மேகமூட்டமும் தூறலும் தேனீயை முடக்கும்.

தை நடவின் சிறப்பு இங்கேதான். பனிக்காலத்தின் இதமான குளிரும் குறுகிய பகலும் பெண் பூவுக்கு உதவுகின்றன. காய் முற்றும் பங்குனியில் வெயிலும் தெளிந்த வானமும் சர்க்கரை சேர்க்கின்றன. நீரைக் குறைக்க விரும்பும் உழவருக்கு மழை குறுக்கே வருவதில்லை. ஆவணி, புரட்டாசி நடவிலோ காய் பருக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்: இலை நோய், நீர்த்த இனிப்பு, வெடிப்பு. கோடையிலும் ஓர் ஆபத்து உண்டு. வறண்ட வெப்பத்தில் பெருகும் இலைப்பேன் மொட்டுக் கருகல் வைரஸைப் பரப்பும். பிந்திய நடவை அது வேரோடு முடித்துவிடும்.

6. சோதனை முறை குறித்து

இத்துறைச் சோதனைகளில் எனக்கு ஒரு குறை படுகிறது. ஒரே ஆண்டின் ஒரு தைப் பட்டத்தையும் ஓர் ஆவணிப் பட்டத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பருவத்தின் விளைவு என்கிறார்கள். அவர்கள் அளந்தது அந்த ஆண்டின் வானிலையை. குறைந்தது மூன்று ஆண்டாவது அதே பட்டங்களில் திரும்ப நட்டால்தான் பருவத்தைப் பற்றிப் பேச முடியும். பெண் பூ மலர்ந்த நாளைச் சீட்டுக் கட்டிக் குறிக்காமல் அறுத்த காய்களை ஒப்பிடுவதும் பிழை. குளிரில் காய் முற்ற அதிக நாள் ஆகும், ஆகவே ஒரே நாளில் அறுத்த காய்கள் ஒரே வயதுடையவை அல்ல.

அறுத்த பின் வைத்த இடத்தையும் குறித்தாக வேண்டும். முழுப் பழம் 21 பாகையில் இருந்தால் அதன் லைக்கோபீன் மேலும் ஏறும், 5 பாகைக் குளிரில் ஏறாது. ஒரு பருவத்தின் மாதிரிகளை மேசைமேலும் மறுபருவத்தின் மாதிரிகளைக் குளிர்பெட்டியிலும் வைத்துவிட்டுப் பின்னர் அளந்தால், அட்டவணையில் வருவது அறையின் வெப்பநிலையே.