சர்வே எண்ணும் மஞ்சள் உறையும்

வீட்டுக் கணினியில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பொருள் வாரியாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் போடு, தேவைப்பட்டால் அதற்குள் இன்னொன்று போடு. பிள்ளைகளின் மார்க் ஷீட் ஒரு பக்கம், வங்கிக் கணக்கு ஒரு பக்கம், நிலப் பத்திரம் ஒரு பக்கம். இதைத் தவிர வேறு ஒழுங்கு இருக்க முடியாது என்றே நினைக்கிறோம். ஆனால் நம் கிராமங்களிலும் தாலுகா ஆபீசுகளிலும் காகிதத்தைக் கட்டி ஆண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வேறு வழியில் போனார்கள். அவர்கள் பொருளை நம்பவில்லை. மாறாத ஓர் எண், அந்த எண்ணைத் தேடிப் பிடிக்கத் தனிப் பதிவேடு, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுட்காலம் ஆகிய மூன்றையும்தான் நம்பினார்கள். கணினி பழைய அலுவலகத்தின் அலமாரியையும் உறையையும் சித்திரமாக எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் விட்டுவிட்டது. இன்று நம் வீட்டுக் கணினிகளில் நிலவும் குழப்பத்துக்குச் சோம்பலைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கட்சி.

அடுக்குக்குள் அடுக்கு என்ற முறை எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு ஏழாயிரம்பண்ணை என்ற ஊரின் வரலாறே சான்று. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கம்பெனியார் பறிமுதல் செய்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அன்று அது திருநெல்வேலிச் சீமை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர்ப் பகுதியோடு அங்கே போனது. 1985இல் காமராசர் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவானபின் விருதுநகர் மாவட்டம். தாலுகாவும் சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டையாக மாறிவிட்டது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதை உள்ளடக்கிய உறைகள்தான் மாறிக்கொண்டே இருந்தன. இன்று இந்த ஊரின் பழைய ஆவணத்தைத் தேடுபவர் 'விருதுநகர்' என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பாளையக்காரர் காலத்துக்குத் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகள், அடுத்த காலத்துக்கு இராமநாதபுரம் என்று ஆண்டைப் பார்த்து இடம் மாற வேண்டும். எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட ஆவணக் காப்பகம் இவற்றையெல்லாம் ஊர் வாரியாகக் கலைத்து அடுக்கியிருக்கலாமே என்று தோன்றும். காப்பகத் துறையினர் அப்படிச் செய்வதில்லை. ஓர் அலுவலகம் எந்த வரிசையில் காகிதத்தை உண்டாக்கியதோ அந்த வரிசையிலேயே அது இருக்க வேண்டும், தேடுபவருக்கு அட்டவணை தனியாகத் தரப்பட வேண்டும் என்பது 1898இல் வெளியான டச்சுக்காரர்களின் கையேடு முதல் அவர்கள் கடைப்பிடிக்கும் விதி.

இதே அறிவு இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது கிராமக் கணக்கில். ஒரு துண்டு நிலத்தைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்பார்கள். இந்த இடம் நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்பார் ஒருவர். இன்னாருக்கு ஊரில் மொத்தம் எவ்வளவு நிலம் என்பார் இன்னொருவர். இந்த ஆண்டு அதில் என்ன பயிர் என்பார் மூன்றாமவர். பொருள் வாரியாக அடுக்குபவர் முதல் கேள்விக்குள்ளேயே மாட்டிக்கொள்வார். ஒரு நிலத்தை ஓர் உறையில்தான் போட முடியும். கணக்குப்பிள்ளை மூன்று புத்தகம் வைத்தார். சர்வே எண் வரிசையில் அ-பதிவேடு, பட்டாதாரர் வரிசையில் சிட்டா, பசலி எனும் வருவாய் ஆண்டு வாரியாகப் பயிரைச் சொல்லும் அடங்கல். மூன்றையும் கோத்த நூல் சர்வே எண். நிலம் கைமாறினாலும் பெயர் மாறுமே தவிர எண் மாறாது. பாகம் பிரிந்தால் உட்பிரிவு சேருமே தவிர தாய் எண் அழியாது. மறு அளவையில் எண்ணே மாறினாலும், அ-பதிவேட்டில் பழைய எண்ணுக்கு ஒரு கட்டம், புதிய எண்ணுக்கு ஒரு கட்டம் அருகருகே உண்டு. ஒரு கோப்பின் பெயரை மாற்றும்போது பழைய பெயரை எங்காவது குறித்து வைக்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பட்டாசுத் தொழில் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக்கு வந்தபின் சர்வே எண்ணின் அருமை இன்னும் கூடியது. ஆலைக்கான மனைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அது நிலம் சம்பந்தப்பட்டது. நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்கு அனுப்பும் உரிம விண்ணப்பத்துக்கும் அதுதான் வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகமும் அதையே கேட்கும். கடன் கொடுக்கும் வங்கியும் கேட்கும். கணினியில் இதை 'நிலம்', 'லைசென்ஸ்', 'ஃபேக்டரி', 'பேங்க்' என்ற நான்கில் எங்கே போடுவது? நான்கிலும் நகல் போடுகிறோம். அடுத்த ஆண்டு ஒரு ஷெட் கூடும்போது ஒரு நகல் மட்டும் திருத்தப்படும், மற்ற மூன்றும் பழைய படத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். உரிமத்தில் எழுதப்படுவதோ சர்வே எண்ணும் கிராமமும் தாலுகாவும்தான். அந்த எண்ணே கோப்பின் பெயராகவும் இருந்தால் சண்டைக்கே இடமில்லை.

ஆயுட்காலம் என்று சொன்னது அலுவலக நடைமுறையிலிருந்து. சென்னை மாகாணத்து மாவட்ட அலுவலகங்களுக்கு இன்றுவரை வழிகாட்டும் முறையை வகுத்தவர் ஏ.ஆர்.எல். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்தவர். உள்ளே வரும் தபாலுக்கு எண் போட்டு, அதை எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்றி, முடிந்ததும் தீர்ப்பு எழுதும் முறை அது. தீர்ப்பு என்றால் விவகாரத்தைப் பற்றி மட்டுமல்ல, காகிதத்தைப் பற்றியும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். அரசுக் கடிதங்களின் தலையில் இந்த எழுத்துகளைப் பார்த்தவர்கள் உண்டு. காகிதத்தின் சாவுநாள் அது என்று கவனித்தவர்கள் குறைவு. பதிவறையில் கட்டுகள் இந்த வகைப்படியும் எண்படியும்தான் நின்றன. ஓராண்டுக் கட்டு தவணை முடிந்தால் வெளியேறும், நிரந்தரக் கட்டுக்கு இடம் பிறக்கும். தவணையை உண்மையில் கடைப்பிடித்தார்களா என்று கேட்டால், பல பதிவறைகளின் தூசியே அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லும். ஆனாலும் விதி இருந்தது. வீட்டுக் கணினியில் நேற்றைய மின்கட்டண ரசீதுக்கும் பாட்டனார் வாங்கிய கிரயப் பத்திரத்தின் ஸ்கேனுக்கும் ஒரே ஆயுள்.

இந்த முறைகள் இருந்தும் கணினி ஏன் உறையைப் பிடித்துக்கொண்டது? அமெரிக்க அலுவலகம் காரணம். உறைகளைச் செங்குத்தாக நிறுத்தும் இழுப்பறை 1893 சிகாகோ கண்காட்சியில் காட்டப்பட்டு உலகமெங்கும் பரவியது. 1960களில் மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பு, அடைவுக்குள் அடைவு என்ற மரத்தை அமைத்தது. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் அந்த மரத்தின் மேல் காகித உறையின் படத்தைப் போர்த்தியது. அதே ஆண்டு ஐ.பி.எம். கணினியோடு வந்த முதல் எம்.எஸ்.-டாஸில் அடைவே கிடையாது. ஃபிளாப்பியில் எல்லாக் கோப்பும் ஒரே வரிசை. 1983இல் ஹார்டு டிஸ்க் வந்து கோப்புகள் பெருகியபிறகுதான் டாஸுக்கும் மரம் வந்தது. ஆகவே ஃபோல்டர் என்பது இயற்கையான ஒழுங்கு அல்ல. ஒரு காலத்து அலுவலகச் சாமானின் நிழல். எம்.எஸ்.-டாஸ் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துதான் கொடுத்தது என்பதால் எண்ணும் குறிப்பும் பெயரில் ஏற இடமும் இல்லை. 1995க்குப் பின் இடம் கிடைத்தது; 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று நாம் அதை நிரப்பிக்கொண்டோம்.

தேடல் பெட்டி வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது முதல் மறுப்பு. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் தேடல் வேலை செய்யும். வீட்டில் இருப்பதில் பாதி, செல்போனில் எடுத்த பத்திரப் படங்கள். அவற்றின் பெயர் கேமரா போட்ட எண். எழுத்துள்ள கோப்பிலும் ஏழாயிரம்பண்ணையின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பழைய ஆவணத்தில் ஒரு விதமாகவும் உரிமத்தில் வேறு விதமாகவும் நிற்கும். ழகரம் ஒருவருக்கு எல், இன்னொருவருக்கு இசட்ஹெச். அரசின் இணையவழிப் பட்டாச் சேவையும் வெறும் தேடல் பெட்டியாக இல்லை என்பதைக் கவனிக்கலாம்: மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தபின் பட்டா எண்ணா, புல எண்ணா என்று கேட்கிறது. கணக்குப்பிள்ளையின் இரண்டு புத்தகங்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு கனமானது. கிராமக் கணக்கு ஒழுங்காக இருந்தது என்று புகழ்வது, அந்த ஒழுங்கு யார் கையில் இருந்தது என்பதை மறைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கர்ணம் என்ற பரம்பரைக் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் விளங்கிய புத்தகம் ஊராரைப் பணிய வைத்த கருவியாகவும் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தபோது அதை வரவேற்றவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த மாற்றத்திலேயே முறையின் வலுவும் தெரிந்தது. எழுதியவர் போனார், முன்பின் தெரியாத புதியவர் வந்தார். அ-பதிவேடும் சிட்டாவும் அடங்கலும் தொடர்ந்தன. எண்ணும் கட்டங்களும் எல்லாக் கிராமத்துக்கும் ஒன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது. வீட்டுக் கணினியில் இன்று நடப்பது எதிர்மாறு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் தன் மனப்போக்குக்கு ஏற்ப உறைகளை அடுக்குகிறார். அவர் வெளியூர் போனால் மற்றவர்களுக்குக் காப்பீட்டுப் பத்திரம்கூட அகப்படாது. கர்ணத்தின் குறை அப்படியே இருக்கிறது, கர்ணத்தின் ஒழுங்கு இல்லை.

வரிசை என்பதிலும் கணினியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எழுத்துகளின் யுனிகோடு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல், ழகரத்தை வகரத்துக்கு முன்னால் வைக்கும். 'அக்கா'வை 'அகம்' என்பதற்குப் பின்னால் தள்ளும். நம் அகராதிகளில் இரண்டும் நேர் எதிர். தேதியை 15-03-2024 என்று நாளில் தொடங்கி எழுதினால் எல்லா ஆண்டின் பதினைந்தாம் தேதிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 2024-03-15 என்று எழுதினால் காலவரிசை தானாக அமையும். பசலியைத் தலைப்பில் போட்டு அதன் கீழ் மாதங்களை எழுதிய அடங்கல்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அவருக்கு இருந்து நமக்கு இல்லாதது ஜமாபந்தி. ஜூன் 30இல் பசலி முடிவதையொட்டி ஆண்டுதோறும் மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் புரட்டிப் பார்ப்பார், விடுபட்டதைக் கேட்பார், கையெழுத்திடுவார். பொய்க்கணக்கு அதையும் தாண்டிப் போனதுண்டு. ஆனால் புத்தகத்தைத் திறக்காமலே ஓர் ஆண்டு கழிந்துவிட அந்த ஏற்பாடு விடவில்லை.