பதினாறில் ஒரு பங்கு ஏக்கர்

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பூச்செடிகள் அல்ல. “நீங்க எந்தத் தோட்டம்?” என்று ஒரு பெரியவர் கேட்டால், உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன வளர்கிறது என்று அவர் கேட்கவில்லை. எந்த எஸ்டேட்டில் பிறந்தீர்கள், உங்கள் தாத்தா எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்கிறார். ஆசைக்குச் செடி வளர்ப்பதும் வயிற்றுப்பாட்டுக்குப் பால்மரம் சீவுவதும் நம் பேச்சில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. வரலாற்றிலும் இந்த இரண்டுக்கும் ஒரு பொதுவான இடம் உண்டு. அது சிங்கப்பூரில் தோட்டக்கலை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம்.

1859இல் அங்கே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று உருவானது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளும். தங்ளின் பகுதியில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. வாம்போவா என்று அறியப்பட்ட ஹூ ஆ கே என்ற சீனச் செல்வந்தருக்குச் சொந்தமாக இருந்த அந்த நிலத்தை, அரசு வேறு நிலத்தைக் கொடுத்து மாற்றாகப் பெற்றது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். லாரன்ஸ் நிவென் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மேற்பார்வையாளராக வந்து பாதைகளை வகுத்தார். மலர்க் கண்காட்சிகள் நடந்தன. ராணுவ வாத்தியக் குழு வந்து இசைத்தது. இன்றைய எந்தத் தோட்டக் குழுவும் செய்கிற வேலைகள்தாம். கடைசியில் கடன் கழுத்தை நெரித்தது. 1874இல் சங்கம் தோட்டத்தை அரசின் கையில் ஒப்படைத்தது. அதுதான் இன்றைய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா.

அரசுக்கு அழகு மட்டும் போதாது, லாபமும் வேண்டும். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் அங்கே வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து காட்டினார். பார்க்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் நடச்சொல்லி வற்புறுத்தியதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயரே வந்தது. மோட்டார் வண்டிகளும் அவற்றின் டயர்களும் பெருகியபோது அந்தப் பைத்தியம் பெரும்பணமாக மாறியது. மரம் சீவ ஆள் வேண்டுமல்லவா? கங்காணிகள் ஊர் ஊராகப் போனார்கள். 1907இல் ஆள் கொண்டுவருவதற்கென்றே ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கனவான்கள் மாலையில் உலாவப் போட்ட தோட்டத்தில் வளர்ந்த கன்றுகள்தாம், தஞ்சாவூர், திருச்சி, சேலம் கிராமத்து மக்களைக் கடல்கடந்து இழுத்துவந்தன.

வந்தவர்களுக்குச் சோறு வேண்டும். மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. முதல் உலகப்போரின் கடைசிக் காலத்தில் தொடங்கிய அரிசித் தட்டுப்பாடு நிர்வாகத்தை உலுக்கியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி சேர்ந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர்செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை முதலாளி ஒதுக்க வேண்டும் என்றது அந்த விதி. இன்றைய கணக்கில் சுமார் 250 சதுர மீட்டர்.

இதைக் கருணை என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். தொழிலாளி தன் கீரையைத் தானே வளர்த்துக்கொண்டால் கூலியை உயர்த்தாமல் சமாளிக்கலாம். மாடும் கொல்லையும் உள்ளவன் அடுத்த தோட்டத்துக்கு அவ்வளவு சுலபமாக ஓடிவிட மாட்டான். ஏட்டில் இருந்த விதி எல்லா எஸ்டேட்டிலும் நிலமாக மாறியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கிடைத்த இடத்தில் நம் சனங்கள் செய்ததை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் முருங்கை நின்றது. வெண்டையும் கத்திரியும் காய்த்தன. கருவேப்பிலைக் கன்று ஒரு வீட்டு வேரிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனது. “அக்கா, ரெண்டு கொத்து ஒடிச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஒடித்துக்கொள்வதுதான் அங்கே சங்க விதி. சந்தா கிடையாது, கண்காட்சி கிடையாது.

ஜப்பானியர் காலத்தில் அந்தக் கொல்லைகள் உயிர்காத்தன. அரிசிக் கப்பல் நின்றுபோனது. எஸ்டேட்டு ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். எஞ்சியிருந்த பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளியைத் தின்று நாளைக் கடத்தினார்கள். மரவள்ளியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற பாட்டிகள் நம் குடும்பங்களில் இருந்தது இதனால்தான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்துச் சனம் அடுக்குமாடிக்குப் போனபோது கொல்லை கூடவே போகவில்லை.

சிங்கப்பூரில் 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அடுக்குமாடிகளின் அடியிலும் பள்ளிகளிலும் ஏறத்தாழ 2000 தோட்டங்கள் இருக்கின்றன. மலாய்க்காரர் செராயும் சீனர் காய்லானும் நம்மவர் வல்லாரையும் அடுத்தடுத்த பாத்திகளில் வளர்கின்றன. விளைந்ததை அக்கம்பக்கத்து முதியோருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. பூங்காக்களில் தனியாட்களுக்கு வாடகைப் பாத்தியும் உண்டு. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்காரனுக்கு ஒதுக்கச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்கு. அதுவும் சில ஆண்டுத் தவணைக்குத்தான்.

கோலாலம்பூரில் 2017இல் பங்சார் பகுதியில் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே சும்மா கிடந்த மேட்டில் தன்னார்வலர்கள் ஒரு சமூகத் தோட்டம் போட்டார்கள். 2021இல் நில அலுவலகத்திலிருந்து நெருக்கடி வந்தது. மக்கள் குரல் கொடுத்தபின் தோட்டம் தப்பியது.

தங்ளின் கனவான்களுக்கு அரசே நிலம் மாற்றிக் கொடுத்தது. அவர்கள் கடன்பட்டபோதும் தோட்டம் அழியவில்லை. 2015இல் அது உலகப் பாரம்பரியத் தலமானது. லயத்துக் கொல்லையோ முதலாளியின் சம்மதம் உள்ளவரைதான் இருந்தது. எஸ்டேட்டு விற்கப்பட்ட அன்று புல்டோசருக்கு முன்னால் முருங்கைக்கு எந்தப் பத்திரமும் இல்லை. தோட்டக்கலைச் சங்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மலர்க் கண்காட்சிகளிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை, ஆவணம் அங்கேதான் இருக்கிறது. லயத்துக் கொல்லைக்கு ஆவணம் மனிதர்கள்தாம். எந்த விதையை யார் ஊரிலிருந்து முடிந்துகொண்டு வந்தார்கள், எந்த மரத்தடியில் எந்த வீடு இருந்தது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டுகிறது. நம் வட்டாரத்துச் சமூகத் தோட்டங்களில் காலையில் தண்ணீர் ஊற்ற வருகிறவர்களிலும் அவர்களில் சிலர் இருப்பார்கள். கேட்டால் சொல்லுவாங்க.