நிரல் சீரமைப்பும் புதிய வசதிகளும்: சஹானா

நிரல் சீரமைப்பு என்பது மென்பொருள் செய்யும் வேலையை மாற்றாமல் அதன் உட்கட்டமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்துவது. பயனரின் கண்ணுக்கு அது தெரியாது. அடுத்து அதே நிரலில் கை வைப்பவருக்குத்தான் அதன் அருமை புரியும். திறந்த மூலத் திட்டங்களில் பெரும்பாலும் தன்னார்வலர்களே வேலை செய்வதால், புதிய வசதிக்கு ஆள் கிடைக்கும் வேகத்தில் துப்புரவுக்குக் கிடைப்பதில்லை. இந்த இழுபறிக்கு இலங்கையில் நல்ல உதாரணம் சஹானா.

2004 டிசம்பர் 26 சுனாமியில் திருகோணமலை மாவட்டத்தின் ஈச்சிலம்பற்றுக் கரையோரமும் தப்பவில்லை. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்ற கணக்குகளை வைத்திருக்க இலங்கைக் கணினித் துறையினர் சில வாரங்களில் எழுதியதே சஹானா. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள்.

அந்தக் கணக்கு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஊர்ப்பெயர் ஒன்றே போதும். ஈச்சிலம்பற்று என்பார்கள், ஈச்சிலம்பற்றை என்பார்கள். ஆங்கில எழுத்தில் போட்டால் ஒற்று ஓரிடத்தில் இரட்டிக்கும், உயிர் இன்னோரிடத்தில் மாறும். ஆட்பெயர்களுக்கும் இதே கதிதான். ஒரு முகாமில் ஒரு மாதிரிப் பதிந்த தம்பியை, வேறு மாதிரி எழுத்துக்கூட்டித் தேடும் அக்கா எப்படிக் கண்டுபிடிப்பாள்? எழுத்தை விட்டுவிட்டு ஒலிப்பை வைத்துப் பொருத்திப் பார்க்கும் தேடல் சஹானாவில் வந்தது இதனால்தான். இத்தகைய தேடலை ஓரிடத்தில் எழுதி எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக வைத்தால், பிழையை ஒருமுறை திருத்தினால் போதும். அவசரத்தில் பகுதிக்கொரு படியாக ஒட்டிவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் திருத்த வேண்டும்.

நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இதைக் கடனுக்கு ஒப்பிட்டார்: அவசர நிரல் கடன் என்றால், திருத்தி எழுதும் வரை வட்டி ஏறிக்கொண்டிருக்கும். சுனாமி வாரங்களில் கடன் வாங்கியதைக் குறை சொல்ல முடியாது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் 2005இல் சுவீடன் அரசின் உதவியுடன் சஹானாவை அடியிலிருந்து திரும்ப எழுத முற்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம். அங்கு அதைப் பயன்படுத்தியது தேசியப் பதிவு நிறுவனமான நத்ரா. அடுத்த பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் மண்சரிவு. பேரிடர் எவருடைய வேலைத்திட்டத்துக்கும் காத்திருப்பதில்லை. 

முழுவதையும் கலைத்துவிட்டு எழுதுவது எப்போதும் நிரலாளரை ஈர்க்கும். ஆனால் கைசுடும் வேலை. 1998இல் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்த நெட்ஸ்கேப் நிறுவனம் அப்படி இறங்கியதில், மைக்ரோசொஃப்டின் உலாவி சந்தையைப் பிடித்துக்கொண்டது, ஃபயர்ஃபொக்ஸ் 1.0 வெளிவர 2004 நவம்பர் ஆயிற்று. ஓப்பன்பிஎஸ்டி குழு 2014இல் வேறு வழியில் போனது. ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதும், அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மறையாக்க நிரல்தொகுப்பைப் பிரித்தெடுத்து, பழைய நிரலில் ஆயிரக்கணக்கான வரிகளை வெட்டி லிப்ரெஎஸ்எஸ்எல்லை உருவாக்கியது. வேலை செய்யும் நிரலைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டுவது பாதுகாப்பானது.

சஹானாவோ இரண்டாம் முறையும் புதிதாக எழுதப்பட்டது, இம்முறை பைதன் மொழியில். ஈடன் என்ற அந்த வடிவம் முதிரும் முன்பே, 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கம் அதைக் களத்தில் இறக்கிவிட்டது. பிஎச்பி மொழியில் எழுதிய பழைய சஹானாவின் வழியில் வந்த வெசுவியஸ் என்ற வடிவம், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் காணாமற்போனோர் தேடலுக்குப் பயன்பட்டது. ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றதற்கு அப்படியே எடுத்துப்போக வழியில்லை, மொழியே வேறு.