குளிருக்குத் தப்பிய வாழை

போன டிசம்பரில் கனடாவிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஹாலில், தொட்டிக்குள் ஒரு வாழை. காரைக்குடியில் அதைப் பார்த்த அம்மா, "வாழைய நடு வீட்டுல வச்சிருக்கானே!" என்று சிரித்தார். நம்ம ஊரில் கிணற்றடியில் தானாக வளர்வதாச்சே.

ஆனால் இந்தக் கூத்துக்கு 190 வருஷ சரித்திரம் உண்டு. 1830 வாக்கில் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு வாழையை, இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. அவருடைய எஜமானர் டெவன்ஷைர் பிரபு வில்லியம் கேவண்டிஷ். அந்தக் குடும்பப் பெயரே வாழைக்கும் வந்தது. பிறகு ஜான் வில்லியம்ஸ் என்ற மிஷனரி மூலம் கன்றுகள் சமோவா தீவுக்குப் போயின.

இன்று கடையில் வாங்கும் பச்சை வாழையும் ஜி-9னும் கேவண்டிஷ் வகைதான். விதை கிடையாது. எங்க சாப்ட்வேர் பாஷையில் சொன்னால் காப்பி-பேஸ்ட். ஒன்றில் இருக்கிற ஓட்டை எல்லாவற்றிலும் இருக்கும். டிஆர்4 என்ற வாடல் நோய்ப் பூஞ்சை அந்த ஓட்டையில்தான் நுழைகிறது. பீகார் வரை வந்தாச்சு. மண்ணில் புகுந்தால் பல வருஷம் போகாது, குணப்படுத்த மருந்தும் இல்லை.

அக்கா மகனிடம் சொன்னேன்: "ஜன்னலோரம் வை, தண்ணியக் குறை. இலை காஞ்சாலும் பரவாயில்ல, கிழங்கு அழுகாமப் பாத்துக்க." என்ன ரகம் என்று கேட்டேன். கேவண்டிஷாம்.

அம்மாவின் கிணற்றடியில் நிற்பது பூவன். அதில் ஒரு பக்கக்கன்றைத் தோண்டி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தோம். ரகம் பலதாக இருப்பதுதானே நம்ம பேக்கப்?