அடிவாரத்து ஊற்று: எருசலேமை வரைந்த தண்ணீர்

எருசலேமின் பழைய நகரத்தைச் சுற்றி இன்று நிற்கும் மதிலை உதுமானிய சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை கட்டினார். யூதர்களின் மேற்குச் சுவர், கிறிஸ்தவர்களின் திருக்கல்லறைக் கோயில், முஸ்லிம்களின் அல் அக்ஸா பள்ளிவாசல் ஆகிய மூன்றும் அந்த மதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் எருசலேம் ஊராகத் தோன்றிய இடம் அதற்குள் இல்லை. மதிலுக்குத் தெற்கே, கெதரோன் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒடுங்கிய குன்று ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் கீகோன் ஊற்று. முதல் குடிகள் வீடு கட்டியது அந்த ஊற்றுக்கு மேலேதான்.

ஏன் அங்கே என்பதற்கு நில அமைப்பே விடை சொல்லும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுதுகின் மேல் அமைந்த நகரம் இது. மேற்குச் சரிவில் விழும் மழை மத்தியதரைக் கடலுக்கும், கிழக்குச் சரிவில் விழுவது சாக்கடலுக்கும் போய்விடும். பக்கத்தில் ஆறு கிடையாது. ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர். அதுவும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடும். கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சி உள்ளே இறக்கிவிடும். அப்படி இறங்கிய நீர் வெளிவரும் வாய்தான் கீகோன். பாறைக்குள் இருக்கும் குகை நிரம்பும்போது நீர் பொங்கி வரும், வடிந்ததும் தணியும். பீறிட்டுப் பாய்வது என்ற பொருளுடைய எபிரேய வேரிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சாலொமோனை அரசனாக அபிஷேகம் பண்ண அழைத்துச் சென்றதும் கீகோனுக்குத்தான் என்கிறது வேதாகமத்தின் இராஜாக்கள் நூல்.

பாதுகாப்பு குன்றின் மேல், தண்ணீர் குன்றின் கீழ். முற்றுகை வந்தால் ஊற்று எதிரி கையில் சிக்கிவிடும். இந்த ஒரே இக்கட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீர்வு தேடினார்கள். ஊற்றைச் சுற்றிப் பெரும் பாறைகளால் எழுப்பிய அரணைத் தொல்லியலாளர்கள் ரோனி ரைக், எலி ஷுக்ரோன் இருவரும் வெளிக்கொண்டு வந்து, அது கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார்கள். 2017இல் வெளியான கார்பன் ஆய்வு, அதன் ஒரு பகுதிக்கு அடியில் கிடைத்த படிவுகளை கி.மு. 9ஆம் நூற்றாண்டுக்கு அருகில் வைத்தது. விவாதம் நடக்கிறது.

குன்றுக்குள்ளிருந்து ஊற்றை நோக்கி இறங்கும் செங்குத்துக் குழி ஒன்றை 1867இல் பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் வாரன் கண்டார். அங்கே முன்பு வாழ்ந்த எபூசியரின் கோட்டையைத் தாவீது பிடித்தபோது வீரர்கள் ஏறியதாக வேதாகமம் சொல்லும் 'சாலகம்' என்ற நீர்வழி இதுதான் என்று பலர் நெடுநாள் நம்பினார்கள். பிந்தைய அகழாய்வுகளில், அது இயற்கையாக உண்டான பிளவு என்றும், மனிதர் அதைத் திறந்தது தாவீதின் காலத்துக்குப் பிறகு என்றும் தெரியவந்ததால் அந்த நம்பிக்கை தளர்ந்தது. வேத நூலில் படித்த சொல்லைப் பாறையில் கண்டுவிட வேண்டும் என்ற ஆவல் இந்த நாட்டு ஆய்வில் பலரை வழுக்கிவிட்டிருக்கிறது.

ஆனால் எசேக்கியாவின் சுரங்கத்தில் நூலும் பாறையும் ஒத்துப்போகின்றன. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின் மீது படையெடுத்தான். அதை எதிர்பார்த்து யூதாவின் அரசன் எசேக்கியா கீகோனின் நீரை மலையைக் குடைந்து நகருக்குள் திருப்பினான். நேராக அளந்தால் 320 மீட்டர்தான். சுரங்கமோ வளைந்து நெளிந்து 533 மீட்டர் போகிறது. இத்தனை நீளத்துக்கும் அதன் சரிவு 30 சென்டிமீட்டர் அளவே. இரு முனைகளிலிருந்தும் இரண்டு குழுக்கள் குடைந்து வந்து நடுவில் சந்தித்தன. 1880இல் அங்கு நீந்தப் போன சிறுவர்கள் சுவரில் ஒரு கல்வெட்டைக் கண்டார்கள். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். பாறைக்கு அப்பால் தோழனின் குரல் கேட்டதும், கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டி நெருங்கியதும், நீர் பாய்ந்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. எந்த அரசனின் பெயரும் அதில் இல்லை. குடைந்தவர்களின் உழைப்பு மட்டுமே இருக்கிறது. எருசலேமில் கிடைத்த கல்வெட்டுகளில் இதுவே தலையாயது என்று தயங்காமல் சொல்லலாம். உதுமானியர் ஆட்சியில் அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2003இல் சுரங்கத்தின் காரைப் பூச்சையும் படிவுகளையும் சோதித்த ஆய்வாளர்கள் கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தையே கண்டார்கள்.

அந்தச் சுரங்கம் நீரைக் கொண்டு சேர்த்த இடம் சீலோவாம் குளம். பிறவிக் குருடனை இயேசு கண் கழுவ அனுப்பியதாக யோவான் சுவிசேஷம் சொல்லும் குளம் இது. 5ஆம் நூற்றாண்டில் இங்கே எழுந்த தேவாலயத்தை நினைவில் வைத்து, அதையொட்டிய சிறு குளத்தையே யாத்திரிகர்கள் பல நூற்றாண்டு வணங்கினார்கள். 2004இல் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கத் தோண்டியபோது, சற்றுத் தள்ளி, இயேசு காலத்து அகன்ற படிக்கட்டுகள் வெளிப்பட்டன.

குன்றுக்கு வடக்கே உயரத்தில் இருந்த யூதர்களின் கோயில் வளர வளர ஊற்று போதவில்லை. பெருநாள் யாத்திரிகர்களுக்கும் பலிகளுக்கும் தண்ணீர் வேண்டும். கோயிலோ ஊற்றைவிட மிக உயரத்தில். அதனால் தெற்கே பெத்லகேமுக்கு அப்பாலிருந்து நீரைக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள மூன்று பெரிய குளங்களை மக்கள் சாலொமோனின் குளங்கள் என்கிறார்கள். உண்மையில் அந்த ஏற்பாடு அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தையது. குளங்களிலிருந்து கோயில் மேடை வரை 21 கிலோமீட்டர் கால்வாய்; மட்ட வேறுபாடு சுமார் 30 மீட்டர். மலைச்சரிவுகளை அணைத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட இறங்காமல் நீரை நடத்தி வந்த அந்தக் கொத்தர்களின் கணக்கு வியக்க வைக்கிறது. கோயில் கருவூலப் பணத்தை எடுத்துக் கால்வாய் கட்டியதற்காக ரோம ஆளுநர் பிலாத்துவை மக்கள் எதிர்த்துத் திரண்டதையும், மாற்றுடையில் கூட்டத்தில் கலந்த வீரர்கள் அவர்களை அடித்துக் கொன்றதையும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

கி.பி. 70இல் கோயில் அழிந்தது. கால்வாய்களின் தேவை அழியவில்லை. ரோமரின் 10ஆவது படையணி இட்ட கல்குழாய்களில் நூற்றுவர் தலைவர்களின் பெயர்கள் பொறித்துக் கிடக்கின்றன. பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய நேயா தேவாலயத்தின் அடியில் மாபெரும் நிலத்தடித் தொட்டி இருந்தது. மூன்று மதத்தாரும் புனிதமாகக் கருதும் அந்தக் கோயில் மேடைக்குக் கீழேயும் முப்பதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் இருக்கின்றன.

முஸ்லிம்களின் ஆட்சி 7ஆம் நூற்றாண்டில் வந்தது. 10ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல் முகத்தஸீ இந்த நகரத்துக்காரர். தமிழ் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸ் என்று சொல்லும் ஊரே அவர் பெயரில் இருக்கிறது. சீலோவாமுக்கு அரபியில் சில்வான் என்று பெயர்; அந்தச் சில்வான் ஊற்றின் நீர் பாயும் தோட்டங்களை கலீஃபா உஸ்மான் நகரத்து ஏழைகளுக்கு வக்ஃபாக விட்டதாக அவர் எழுதினார். ஹஜ் காலத்து அரஃபா இரவில் மக்காவின் ஜம்ஜம் நீர் இந்த ஊற்றுக்கு வருகிறது என்று மக்கள் பேசிக்கொண்டதையும் குறித்துவைத்தார். ஒரே ஊற்று: யூதருக்கு அரசர் அபிஷேகத்தின் நினைவு, கிறிஸ்தவருக்குக் கண் திறந்த அற்புதம், முஸ்லிம்களுக்கு ஜம்ஜமின் உறவு.

1099 கோடையில் சிலுவைப் படை நகரை முற்றுகையிட்டபோது சுற்றுப்புறக் கிணறுகளை நகரத்தார் தூர்த்துவிட்டிருந்தார்கள். விட்டுவிட்டுச் சுரக்கும் சீலோவாமில் படைவீரர்கள் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளினார்கள் என்கின்றன அக்காலக் குறிப்புகள். பின்னர் வந்த மம்லூக்குகள் பழைய பெத்லகேம் கால்வாயையே செப்பனிட்டார்கள். சுல்தான் காயித்பேயின் பெயரால் 1482இல் புதுப்பித்த அழகிய சபீல் கோயில் மேடையில் இன்றும் நிற்கிறது. சபீல் என்பது நம்மூர்த் தண்ணீர்ப் பந்தல் போன்ற அறம். வழிப்போக்கர் யாரும் கேட்காமலே குடிக்கலாம். சுலைமானும் மதில் எழுப்புவதற்குச் சற்று முன், 1536-37இல், கால்வாயைச் சீர்செய்து நகரில் பல சபீல்களை அமைத்தார்.

இந்த நாட்டைப் பற்றிய நவீன புவியியல் ஆய்வுக்கும் தண்ணீரே வாசல் திறந்தது. 1838இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், அரபி நன்கறிந்த எலி ஸ்மித்துடன் வந்தார். வழிகாட்டும் துறவிகளின் சொல்லைவிட, கிராமத்தார் வாயில் வழங்கும் ஊர்ப்பெயரை நம்பினார். எபிரேயரின் ஷிலோவா, கிரேக்கரின் சீலோவாம், அரபியரின் சில்வான்: ஒரே பெயர் மூன்று மொழிகளில் உயிரோடு இருந்தது. இருவரும் எசேக்கியாவின் சுரங்கத்தில் தவழ்ந்து போய் 1,750 அடி என்று அளந்தார்கள். இன்றைய 533 மீட்டர் அதுவேதான். அடுத்து 1864-65இல் சார்லஸ் வில்சன் நகரத்தின் துல்லியமான வரைபடத்தைத் தயாரித்தார். அதற்குப் பணம் கொடுத்த ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் சீமாட்டியின் நோக்கம், நகர மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டும் என்பதுதான். அந்த அளவைக்குப் பின்னால் 1865இல் பாலஸ்தீன ஆய்வு நிதியம் உருவானது.

1918இல் பிரிட்டிஷ் படை, நகருக்குத் தெற்கேயுள்ள அரூப் ஊற்றுகளிலிருந்து எருசலேமுக்குக் குழாய் போட்டது. 1930களின் நடுவில் கடலோரச் சமவெளியின் ராஸ் அல் ஐனிலிருந்து நீரை மேலேற்றினார்கள். 1948 போரில் அந்தக் குழாய் நின்றுபோனது. அப்போது மேற்கு எருசலேமின் மக்கள், வீடுகளுக்கு அடியிலிருந்த பழைய மழைநீர்த் தொட்டிகளைத் திறந்து, பங்கீட்டு நீரில் கோடையைத் தள்ளினார்கள்.

இன்று அந்த அடிவாரம் சில்வான் என்னும் பாலஸ்தீனக் குடியிருப்பு. அகழாய்வும் குடியேற்றமும் அங்கே கடும் பூசலாகியிருக்கின்றன. யாருடைய வரலாறு என்ற கேள்விக்கு அந்த ஊற்று தனி ஒருவர் பெயரைச் சொல்லாது. ஒவ்வொரு ஆட்சியும் முந்தியவர்கள் வெட்டிய வாய்க்காலைத் தூர்வாரித்தான் குடித்தது. தமிழ்நாட்டிலிருந்து புனிதப் பயணம் போகிறவர்கள் மதிலுக்குள் இருக்கும் புனிதத் தலங்களோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கீழே இறங்கிப் பாருங்கள். எசேக்கியாவின் ஆட்கள் குடைந்த பாறை வழியில் கீகோனின் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.