மீட்பு விரலி

மீட்பு விரலி என்பது, மடிக்கணினியின் இயக்குதளம் பழுதடைந்து கணினி தொடங்க மறுக்கும்போது, அதனைத் தொடக்கிச் சரிசெய்யவோ இயக்குதளத்தை மீண்டும் நிறுவவோ பயன்படும் யுஎஸ்பி நினைவகம் ஆகும். பேச்சுவழக்கில் பென்டிரைவ் எனப்படும் சாதாரண விரலியே இதற்குப் போதும். கணினி நல்ல நிலையில் இயங்கும்போதே இதனை உருவாக்கி வைக்க வேண்டும். தொடங்காத கணினியில் உருவாக்க இயலாது. இது இயக்குதளத்தை மட்டுமே மீட்கும். பயனரின் பாடக்குறிப்புகள், ஒளிப்படங்கள், செயல்திட்ட அறிக்கைகள் ஆகியவற்றுக்குத் தனியே படி எடுத்து வைக்க வேண்டும்.

வரலாறு

1990களில் கணினிகளை மீட்க நெகிழ்வட்டுகளும் குறுந்தட்டுகளும் பயன்பட்டன. யுஎஸ்பி தரநிலை 1996இலும், விரலிகள் 2000ஆம் ஆண்டிலும் சந்தைக்கு வந்தன. பின்னர் உற்பத்தியாளர்கள் பலர் மீட்புத் தட்டு தருவதை நிறுத்திவிட்டு, வன்தட்டிலேயே மறைவான ஒரு பகுதியில் மீட்புக் கோப்புகளை வைக்கத் தொடங்கினர். செலவு குறைந்தது, ஆனால் வன்தட்டே பழுதானால் மீட்புக் கோப்புகளும் உடன் போய்விடும். இது சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியதற்கு ஒப்பாகும். 2009இல் வெளியான விண்டோசு 7, பழுதுநீக்கும் தட்டை மட்டுமே உருவாக்கித் தந்தது. விரலியில் உருவாக்கும் வசதி 2012இல் விண்டோசு 8 உடன் வந்தது.

2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோசு கணினிகள் முடங்கின. அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கென விரலியிலிருந்து இயங்கும் மீட்புக் கருவி ஒன்றை மைக்ரோசாப்ட் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இதன் தேவை

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் வந்த முதல் கணினி இதுவே.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்திலுள்ள நரிக்குடியை எடுத்துக்கொள்ளலாம். மானாமதுரை - விருதுநகர் இருப்புப்பாதையில் அமைந்த வானம் பார்த்த பூமி இது. இத்தகைய ஊர்களில் கணினி முடங்கினால் அருப்புக்கோட்டை போன்ற நகருக்கு எடுத்துச் செல்வதே வழக்கம். வேறொரு கணினியின் உதவியுடன் விண்டோசு நிறுவல் கோப்பை இணையத்திலிருந்து இறக்குவது மற்றொரு வழி. அக்கோப்பின் அளவு 5 கிகாபைட்டுக்கு மேல். நாளொன்றுக்கு 1.5 கிகாபைட்டு தரும் கைபேசித் திட்டத்தில் அது நான்கு நாள் ஒதுக்கீடு ஆகும். மீட்பு விரலியோ கணினியில் ஏற்கனவே உள்ள கோப்புகளைக் கொண்டே உருவாவதால் அதற்கு இணையம் தேவையில்லை. செயல்திட்ட அறிக்கையை மறுநாள் ஒப்படைக்க வேண்டிய மாணவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

உருவாக்கும் முறை

விண்டோசு 10, 11 பதிப்புகளுக்குக் குறைந்தது 16 கிகாபைட்டு விரலி வேண்டும். அதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்பதால் முன்னரே வேறிடத்தில் படி எடுத்துக்கொள்வது அவசியம். தேடற்பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' எனத் தட்டச்சிட்டால் உரிய செயலி தோன்றும். அதில் கணினிக் கோப்புகளையும் சேர்க்கவா எனக் கேட்கும் கட்டத்தில் குறியிடுதல் வேண்டும். குறியிடாவிட்டால் உருவாகும் விரலி, பழுதுநீக்கும் கருவிகளை மட்டுமே கொண்டிருக்கும். அதைக் கொண்டு விண்டோசை மீண்டும் நிறுவ இயலாது. பலர் தவறவிடும் இடம் இதுவே. குறியிட்டால் வேலை முடிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் மின்தடை வந்தாலும் நிற்காதபடி மின்கலத்தை முழுதும் ஏற்றிக்கொள்வது நன்று. 32 பிட்டு கணினியில் உருவாக்கிய விரலி 64 பிட்டு கணினிக்கு உதவாது.

விண்டோசு 7 இயங்கும் பழைய மடிக்கணினிகளுக்கு இம்முறை பொருந்தாது. அப்பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்று முடிவுற்றது. அவற்றில் எடை குறைந்த லினக்சு ஒன்றை விரலியில் எழுதி வைப்பதே சிறந்தது.

பயன்படுத்துதல்

விரலியைச் செருகிக் கணினியை இயக்கியவுடன் தொடக்கத் தெரிவுப் பட்டியலை வரவழைக்க வேண்டும். லெனோவா, டெல், ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12 விசையும், எச்பி கணினிகளில் எஃப்9 விசையும் இதற்குரியவை. ஏசரில் இவ்விசை பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருப்பதும் உண்டு.

முதலில் தொடக்கப் பழுதுநீக்கத்தை முயல்வது முறை. அதனால் கோப்புகளுக்குச் சேதமில்லை. விரலியிலிருந்து மீட்டல் என்னும் தெரிவு, பயனரின் கோப்புகளையும் நிறுவிய செயலிகளையும் அழித்துவிடும். ஆகவே அதைத் தொடுமுன், பாஸ் அல்லது உபுண்டு போன்ற லினக்சை வேறொரு விரலியிலிருந்து நேரடியாக இயக்கி, கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். விண்டோசு முழுமையாக அணையாமல் உறக்கநிலையில் இருந்திருந்தால் அப்பகுதி படிப்பதற்கு மட்டுமே திறக்கும். படி எடுக்க அதுவே போதுமானது.

புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றி லினக்சாலும் கோப்புகளை எடுக்க இயலாது. இது வழக்கமாக, கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரரோ உறவினரோ தம் கணக்கைக் கொண்டு அமைத்துத் தந்திருந்தால், திறவுகோலும் அவரிடமே இருக்கும். கணினி நன்றாக இயங்கும்போதே அதைக் கண்டறிந்து, தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும்.

பாதுகாத்தல்

விரலியில் தகவல் மின்னூட்டமாகவே நிலைபெறுகிறது. இம்மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். கோடையில் தகரக் கூரையை ஒட்டிய பரணில் வைப்பது ஏற்றதன்று. ஆண்டுக்கொருமுறை புதிதாக உருவாக்குவதால் தகவலும் புதுப்பிக்கப்படும், அதுவரை வந்த இற்றைப்படுத்தல்களும் சேரும். உருவாக்கிய அன்றே ஒருமுறை அதிலிருந்து கணினியைத் தொடக்கி, பட்டியல் தோன்றுகிறதா எனப் பார்த்துவிட்டு, எதையும் தெரிவு செய்யாமல் அணைத்துவிடலாம்.